காலி என்பதற்கு எம்ப்டியா, வேக்கன்ட்டா, பிளாங்க்கா? ஐந்து ஆங்கிலச் சொற்களின் ஒப்பீடு

காலிப் பணியிடம், காலி மனை, காலி பாட்டில், காலி இருக்கை. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'காலி' போதும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. 'எம்ப்டி போஸ்ட்' என்று எழுதலாமா, 'வேக்கன்ட் பாட்டில்' என்று சொல்வார்களா, அலுவலகத்தில் 'வாய்ட் செக்' கேட்டால் எதைக் கொண்டுபோவது என்று குழம்புகிறவர்கள் நிறைய. அகராதியைப் புரட்டினால் எம்ப்டி, வேக்கன்ட், பிளாங்க், ஹாலோ, வாய்ட் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். எதை எங்கே வைப்பது என்பது அதில் தெளிவாக இருக்காது. அந்த ஐந்தையும் இங்கே எடை போட்டுப் பார்க்கலாம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, என்ன இல்லை என்பது. உள்ளே வைத்த பொருள் இல்லையா, உரிமையோடு இருக்க வேண்டிய ஆள் இல்லையா, எழுத்து இல்லையா, உட்பகுதியே இல்லையா, சட்டத்தின் பலம் இல்லையா? பெரும்பாலான குழப்பம் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். நான் மிகவும் நம்புகிற சோதனை இதுதான். ஒரு பதவியை 'ஃபுல்' என்று சொல்ல மாட்டோம், ஆகவே அது 'எம்ப்டி'யும் ஆகாது. ஒரு காசோலையை 'ஆக்யுபைடு' என்று சொல்ல முடியாது, ஆகவே அது 'வேக்கன்ட்' ஆகாது. உருவகமாகச் சொல்லும்போது மட்டும் இந்தச் சோதனை உதவாது. 'எம்ப்டி பிராமிஸ்' உண்டு, 'ஃபுல் பிராமிஸ்' கிடையாது.

மூன்றாவது, சொல்லின் குடும்பம்: அதன் வினை எது, பெயர் எது, பின்னால் 'ஆஃப்' வருமா? நான்காவது, தவறான சொல்லைப் போட்டால் என்ன நட்டம்? பேச்சில் சொல் மாறினால் கேட்பவர் புரிந்துகொள்வார். ஒப்பந்தத்திலும் காசோலையிலும் காப்பீட்டிலும் அப்படி விட்டுவிட மாட்டார்கள்.

| சொல் | எது இல்லை | எதிர்ச்சொல் | வினை | பெயர் |
|---|---|---|---|---|
| எம்ப்டி | உள்ளிருக்கும் பொருள் | ஃபுல் | எம்ப்டி | எம்ப்டினெஸ் |
| வேக்கன்ட் | உரிமையுள்ள ஆள் | ஆக்யுபைடு, ஃபில்டு | வேக்கேட் | வேக்கன்சி |
| பிளாங்க் | எழுத்து, குறி, பதிவு | ஃபில்டு இன் | பிளாங்க் அவுட் | பிளாங்க் |
| ஹாலோ | உட்பகுதி | சாலிட் | ஹாலோ அவுட் | ஹாலோ, ஹாலோனெஸ் |
| வாய்ட் | சட்ட வலிமை | வேலிட் | வாய்ட் | வாய்ட் |

எம்ப்டி

கொள்கலனுக்கு உரிய சொல் இது. பாட்டில், பெட்டி, பர்ஸ், அறை, தெரு, வயிறு என எதில் எதை நிரப்ப முடியுமோ அதெல்லாம் எம்ப்டி ஆகலாம். குறைந்துகொண்டே வரும் அளவையும் இது காட்டும்: ஹாஃப் எம்ப்டி, ஆல்மோஸ்ட் எம்ப்டி. தண்ணீர்க் குடம் பாதி எம்ப்டியாக இருக்கும். ஒரு நாற்காலி பாதி வேக்கன்ட்டாக இருக்காது.

இன்னது இல்லை என்று குறிப்பிட வேண்டுமானால் 'ஆஃப்' சேர்க்க வேண்டும்: தெருக்கள் 'எம்ப்டி ஆஃப் பீப்பிள்'. வினையாகவும் அப்படியே நிற்கும். குப்பைத் தொட்டியைக் கொட்டுவது 'எம்ப்டி தி பின்'. காவிரி வங்கக் கடலில் கலப்பதைக்கூட 'எம்ப்டீஸ் இன்டு' என்றே எழுதுவார்கள்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது வெறும் வயிற்றில்தான். தமிழில் 'வயிற்றில்' என்று ஏழாம் வேற்றுமை வருவதால் 'இன் எம்ப்டி ஸ்டமக்' என்று எழுதிவிடுகிறோம். சரியான தொடர் 'ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்'. மாத்திரைச் சீட்டில் இது இருந்தால், காலையில் மட்டுமே போட வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பொதுவாக இதற்குப் பொருள், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ என்பது. தைராய்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸின் போன்ற சிலவற்றுக்குக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்று தனிக் கணக்கு உண்டு. மருந்துக்கு மருந்து மருத்துவர் சொல்வதே முடிவு.

கணிதத்தில் வெற்றுக்கணம் 'எம்ப்டி செட்'. 'நல் செட்' என்பதும் வழக்கில் உண்டு; 'வேக்கன்ட் செட்' என்றோ 'பிளாங்க் செட்' என்றோ யாரும் சொல்வதில்லை. அதற்குப் போடும் குறுக்குக்கோடிட்ட வட்டம், 1939-இல் பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் கணிதக் குழுவில் இருந்த ஆந்த்ரே வெய்ல் நார்வே மொழியின் ஓர் எழுத்திலிருந்து எடுத்துக்கொடுத்தது.

உருவகத்தில் எம்ப்டி பிராமிஸ், எம்ப்டி த்ரெட், எம்ப்டி ஜெஸ்ச்சர் என்று வரும்போது செயலாக மாறாத சொல் என்று பொருள். சர்க்கரைத் தண்ணீரை 'எம்ப்டி கேலரீஸ்' என்பது அதில் ஆற்றல் இல்லை என்பதற்காக அல்ல. ஆற்றல் நிறையவே இருக்கிறது. கூடவே வர வேண்டிய சத்துகள் இல்லை.

இந்தச் சொல் தொடங்கிய இடம் வேறு. பழைய ஆங்கிலத்தில் இது வேலை இல்லாமல் ஓய்வாக இருக்கும் ஆளைக் குறித்தது. இன்றோ 'ஐ ஆம் எம்ப்டி' என்றால் மனம் வறண்டு கிடக்கிறேன் என்றுதான் கேட்பவருக்குப் படும். எழுத்தில் இருக்கும் 'ப்' பின்னாளில் நுழைந்தது; வேகமான பேச்சில் பலர் அதை விட்டுவிட்டு 'எம்டி' என்றே சொல்கிறார்கள். அது பிழை இல்லை.

வேக்கன்ட்

ஐந்தில் அதிகக் கவனம் வேண்டியது இது. எம்ப்டியைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். வேக்கன்ட் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாருக்கு உரிமை, யார் விட்டுவிட்டார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

இந்திய அரசியலமைப்பின் 101-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு இதற்கு நல்ல சான்று. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அவருடைய இருக்கை 'வேக்கன்ட்' என்று அவை அறிவிக்கலாம். அவை முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து 4 நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலமும் அந்த 60-இல் சேராது. சட்டமன்றங்களுக்கு 190-ஆம் பிரிவில் இதே விதி இருக்கிறது. அந்த 60 நாளும் நாற்காலி எம்ப்டியாகத்தான் கிடக்கிறது. ஆனால் அவை அறிவிக்கும்வரை அது வேக்கன்ட் ஆகவில்லை. அவர் அடுத்த நாளே வந்து உட்காரலாம். பதவி காலியாவதை 'ஃபால்ஸ் வேக்கன்ட்' என்கிறோம்.

நிலத்திலும் இப்படியே. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் போடும் காலிமனை வரி ஆங்கிலத்தில் 'வேக்கன்ட் லேண்ட் டாக்ஸ்'. 'எம்ப்டி லேண்ட்' என்று ஆவணங்களில் பொதுவாக எழுதுவதில்லை. 1976-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் 'வேக்கன்ட் லேண்ட்' என்பதற்குத் தந்த விளக்கத்தில், கட்டட விதிகளின்படி கட்ட அனுமதி இல்லாத நிலம் சேரவில்லை. முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலமும் சேரவில்லை. ஒரு செங்கல்கூட இல்லாத பொட்டல், பார்வைக்கு முழுக்க எம்ப்டி. அந்தச் சட்டத்தின் கணக்கில் வேக்கன்ட் அல்ல.

வீடு, கடை வாங்கும்போதும் விடும்போதும் வருகிற 'வேக்கன்ட் பொசஷன்' என்ற தொடரில்தான் பணம் போகிறது. ஆள் இருக்கக் கூடாது, வேறு யாருக்கும் அங்கே உரிமை இருக்கக் கூடாது, பெறுபவர் அனுபவிப்பதைப் பெரிதும் தடுக்கிற பொருளும் கிடக்கக் கூடாது என்பது இதன் பொருள். இங்கிலாந்தில் 1946-இல் தீர்ந்த ஒரு வழக்கில், விற்ற கிடங்கின் நிலவறையில் இறுகிப்போன சிமென்ட் மூட்டைகள் குவிந்து கிடந்தன. ஆள் யாரும் இல்லை. ஆனாலும் வேக்கன்ட் பொசஷன் கொடுக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2021-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்த இன்னொரு வழக்கு இதற்கு எதிர்த்திசையில் போனது. குத்தகைதாரர் உட்கூரை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் முதலியவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு மொட்டைக் கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டடத்தின் நிலை வேறு, வேக்கன்ட் பொசஷன் வேறு. ஆளும் பொருளும் உரிமையும் நீங்கியிருந்தால் அது கொடுக்கப்பட்டதாகவே ஆகும் என்று தீர்ப்பு வந்தது. கழற்றியதற்கு நட்டஈடு தனியாகக் கேட்கலாம். வேக்கன்ட் பொசஷன் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தை நீங்களே எழுதினால் 'எம்ப்டி ஹவுஸ்' என்று எழுதிவிடாதீர்கள். ஓட்டை உடைசல் சாமான்களை யார் அகற்றுவது, கழற்றக் கூடாத பொருத்துகள் எவை என்பதை வேக்கன்ட் பொசஷனுக்கு அடுத்த வரியில் தனியாக எழுதுங்கள். மலேசியாவில் வீடு வாங்குகிற தமிழர்களுக்கு இந்தத் தொடர் நன்றாகப் பழக்கம். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து தரைவீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்ற வழக்கமான கெடு, வேக்கன்ட் பொசஷன் கொடுப்பதற்கு உரியது.

வெளிநாட்டில் வீடு வைத்துக்கொண்டு நெடுநாள் ஊருக்கு வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் வேக்கன்ட் என்பதும் அன்-ஆக்யுபைடு என்பதும் வேறு வேறு. ஆள் ஊரில் இல்லை, கட்டில் பீரோ எல்லாம் இருக்கிறது என்றால் அன்-ஆக்யுபைடு. சாமானும் போய்விட்டது என்றால் வேக்கன்ட். வேக்கன்ட்டாகி 30 அல்லது 60 நாள் தாண்டினால் கண்ணாடி உடைந்ததற்கும் நாசவேலைக்கும் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. ஏஜென்ட் கேட்கும்போது, வெறுமனே பூட்டிக் கிடக்கும் வீட்டை 'வேக்கன்ட்' என்று வாய்தவறிச் சொன்னால் கிடைக்க வேண்டிய தொகைக்கே சிக்கல் வரும். பிரிட்டனில் பாலிசிகள் பெரும்பாலும் அன்-ஆக்யுபைடு என்ற சொல்லையே வைத்து, பலவற்றில் 30 நாள் என்று கெடு போடுகின்றன.

வேலை தேடுவோருக்கு இரண்டு குறிப்பு. 'இஸ் தேர் எனி வேக்கன்ட்' என்று கேட்பது தவறு, பெயர்ச்சொல் வேக்கன்சி. 'வேக்கன்ட்' என்பதை வினையாக்கவும் முடியாது. வீட்டைக் காலி செய்வது 'வேக்கேட்'. அடுத்தது, ஆளுக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. 'நாளைக்கு ஃப்ரீயா' என்று கேட்க நினைத்து 'ஆர் யூ வேக்கன்ட் டுமாரோ' என்று கேட்டால், நாளைக்கு உங்கள் மண்டையில் ஒன்றும் இருக்காதா என்று கேட்டதுபோல ஆகும். ஆளுக்கு ஃப்ரீ, அவைலபிள்.

பிளாங்க்

பிரெஞ்சு மொழியில் வெள்ளையைக் குறிக்கும் 'ப்ளான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எழுத வேண்டிய பரப்பில் எழுதாமல் விட்ட வெள்ளை என்று நினைவில் வைத்தால் போதும்: பிளாங்க் பேஜ், பிளாங்க் ஃபார்ம், பிளாங்க் ஸ்க்ரீன். எழுதாத நோட்டு பிளாங்க் நோட்புக். எம்ப்டி நோட்புக் என்றாலும் புரியும், ஆனால் காதுக்கு ஒட்டாது.

விண்ணப்பத்தில் 'டு நாட் லீவ் எனி காலம் பிளாங்க்' என்று இருந்தால், பொருந்தாத கட்டத்திலும் 'நில்' அல்லது 'நாட் அப்ளிக்கபிள்' என்று எழுத வேண்டும். சும்மா ஒரு கோடு இழுத்தால் சில அலுவலகங்களில் திருப்பிவிடுகிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20-ஆம் பிரிவு, முற்றுப்பெறாத ஆவணத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பெற்றவர் அதை நிரப்பிக்கொள்ள அதிகாரம் தருகிறது. தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களைப் பெற்றவரே நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகவே தரப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை மறுக்கும் சுமை கொடுத்தவர் தலையில் விழும்.

துப்பாக்கி விஷயத்தில் பிளாங்க், எம்ப்டி இரண்டின் வேறுபாடு உயிரோடு விளையாடுவது. எம்ப்டி கார்ட்ரிட்ஜ் என்பது சுட்டு முடித்த வெறும் கூடு. பிளாங்க் கார்ட்ரிட்ஜில் குண்டு மட்டும்தான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. மிக அருகில் வெடித்தால் ஆளைக் கொல்லும். அதை 'காலித் தோட்டா' என்று மொழிபெயர்ப்பது தவறான துணிச்சலைத் தரும்.

கணினிக்காரர்கள் இரண்டையும் கறாராகப் பிரித்துவிட்டார்கள். ஜாவா என்ற நிரல்மொழியில் 'இஸ்எம்ப்டி' ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளம் பூஜ்யமா என்று மட்டும் பார்க்கும். 2018-இல் ஜாவா 11-இல் வந்த 'இஸ்பிளாங்க்' வெறும் இடைவெளிகள் மட்டும் இருந்தாலும் ஆம் என்று சொல்லும். பயனர் பெயர்க் கட்டத்தில் ஒருவர் ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டிவிட்டால், முதல் சோதனையில் அது தப்பிப் போய்விடும். எக்செலில் நிலைமை வேறு. ஒரு கட்டத்தில் ஃபார்முலா இருந்து அதன் விடை வெற்றுச் சரமாக வந்தால் 'இஸ்பிளாங்க்' இல்லை என்று சொல்லும், 'கவுன்ட்பிளாங்க்' அதே கட்டத்தைக் காலி என்று எண்ணிவிடும். இரண்டையும் கலந்து போட்ட தாளில் கூட்டல் ஒத்துவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹாலோ

வெளிச்சுவர் கெட்டியாக இருந்து நடுவில் கூடாக இருப்பது. மூங்கில், குழாய், பொந்து விழுந்த மரம். எம்ப்டி ஆனதை மீண்டும் நிரப்பலாம். ஹாலோ என்பது அதன் அமைப்பே அப்படி. வீடு கட்டுகிறவர்களுக்கு ஹாலோ பிளாக் தெரியும். அது சும்மா கூடு என்று நினைத்தால் தவறு: இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 2185-இன்படி, மொத்தக் கன அளவில் 50 முதல் 75 விழுக்காடு கெட்டிப் பொருளாக இருந்தால்தான் அதற்கு ஹாலோ பிளாக் என்ற பெயர். ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்கும்போது சாலிடா, ஹாலோவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒடுங்கிய கன்னம் 'ஹாலோ சீக்ஸ்'. வெளிப் பார்வைக்கு வெற்றி, உள்ளே பயனில்லை என்றால் 'ஹாலோ விக்டரி'. ஒருவர் சொல்வதில் உண்மை தொனிக்கவில்லை என்றால் 'ரிங்ஸ் ஹாலோ'.

வாய்ட்

இன்று இது பெயரடையாக முக்கியமாகச் சட்டத்தில் வாழ்கிறது: செல்லாதது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்ற முடியாத உடன்பாட்டை வாய்ட் என்கிறது. பக்கத்திலேயே 'வாய்டபிள்' நிற்கிறது. அது ஒரு தரப்பு விரும்பினால் ரத்து செய்யக்கூடியது, அதுவரை செல்லும். மைனர் போட்ட ஒப்பந்தம் வாய்டபிள் அல்ல, முற்றிலும் வாய்ட் என்று 1903-இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்துவைத்தது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் வாய்டபிள். இவ்விரண்டையும் 'செல்லாது' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் தேர்வு மறைந்துபோகும்.

கனடாவில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவரிடம் 'வாய்ட் செக்' கேட்பார்கள். காசோலையின் குறுக்கே பெரிதாக 'வாய்ட்' என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் தர வேண்டும். சம்பளம் போடுவதற்கான கணக்கு எண் அதில் கிடைக்கும். நம் ஊர் 'கேன்சல்டு செக்' போன்றது. இதை வெற்றுக் காசோலை என்று புரிந்துகொண்டு கையெழுத்திட்ட பிளாங்க் செக்கைக் கொடுத்துவிட்டால் நேர் எதிரான காரியம் ஆகிவிடும். ஒன்று பணம் எடுக்க யாருக்கும் பயன்படாத தாள், மற்றொன்று யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய தாள்.

ஒருவர் இறந்தபின் வீட்டில் விழும் இட்டு நிரப்ப முடியாத வெறுமையும் 'எ வாய்ட்' தான். அங்கே அது பெயர்ச்சொல்.

இரண்டு சொல்லும் பொருந்தும் இடங்கள்

பேருந்தில் யாரும் உட்காராத இடம் எம்ப்டி சீட். யாராவது கைக்குட்டை போட்டு வைத்திருந்தால் அது வேக்கன்ட் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க இரண்டுமே வேண்டாம். 'இஸ் திஸ் சீட் டேக்கன்' என்பதே வழக்கம்.

வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டால் தி ஹவுஸ் இஸ் எம்ப்டி. வாடகைக்கு ஆள் வராமல் கிடந்தால் வேக்கன்ட். 'பேர்' என்ற சொல்லும் இங்கே வரும்: ஆள் இருக்கலாம், ஆனால் நாற்காலியோ திரையோ படமோ இல்லாத அறை பேர் ரூம்.

பார்வையில் வேறுபாடு நுட்பமானது. கேள்வி புரியாமல் விழிப்பது பிளாங்க் லுக். நினைவு எங்கேயோ போய்விட்ட, உள்ளே ஆள் இல்லாத பார்வை வேக்கன்ட் ஸ்டேர். தேர்வு எழுதும்போது படித்தது மறந்துவிட்டால் 'மை மைண்ட் வென்ட் பிளாங்க்' என்பது மட்டும்தான் சரி.

வாக்குறுதிக்கு எம்ப்டி, ஹாலோ இரண்டும் உண்டு. செய்ய முடியாது, செய்யவும் மாட்டார் என்பதை அழுத்த எம்ப்டி. மனமாரச் சொல்லவில்லை என்பதை அழுத்த ஹாலோ. என்னைக் கேட்டால் எம்ப்டி போதும். ஹாலோவைக் குரலுக்கும் சிரிப்புக்கும் வெற்றிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அருகில் நிற்கும் வேறு சில

'டெவாய்ட்' எப்போதும் 'ஆஃப்' உடன், பெயருக்குப் பின்னால்தான் வரும்: எ ஸ்பீச் டெவாய்ட் ஆஃப் மீனிங். 'எ டெவாய்ட் ஸ்பீச்' கிடையாது. 'வேக்யுவஸ்' என்பது சாரமற்ற பேச்சுக்குச் சொல்வது. எழுதியவரின் அறிவையே குறை சொல்வதாகப் படும் என்பதால் அலுவலக மின்னஞ்சலில் தவிர்ப்பது நல்லது. பருப்பு வைக்காத ஒல்லித் தேங்காய்க்கு எம்ப்டியும் ஹாலோவும் பொருந்தாது, வேளாண் ஆங்கிலத்தில் அது 'பேரன் நட்'. நெல்லில் பால் பிடிக்காத பதர் 'அன்ஃபில்டு கிரெயின்'.